ஒப்புமையும் இலக்கமும் ஒரே சிலிக்கனில்: செய்நிரலுக்கு அமையும் கலப்புச் சைகை நுண்கட்டுப்படுத்திகள்

உலையொன்றின் வெப்பநிலை, தராசில் ஏற்றப்பட்ட சுமை, நோயாளியின் நாடித்துடிப்பு, நீர்த்தொட்டியின் மட்டம் ஆகிய யாவும் இடையறாது மாறும் கணியங்களாகும். இவற்றை அளப்பதற்கு நாம் கையாளும் உணரிகள் தருவனவும் அவ்வாறே இடையறாது மாறும் சிறு மின்னழுத்தங்களே. ஆயின், அவ்வளவீட்டைக் கொண்டு முடிவெடுக்கும் பொறியோ பூச்சியத்தையும் ஒன்றையும் தவிர வேறெதனையும் அறியாதது. முன்னையதை ஒப்புமை உலகம் என்றும் பின்னையதை இலக்கமுறை உலகம் என்றும் இலத்திரனியலார் வழங்குவர். இவ்விரு உலகங்களுக்கும் இடைப்பட்ட எல்லையிலேயே சாதனங்களை ஆக்குவோரின் உழைப்பிற் பெரும்பகுதி செலவாகின்றது. அவர்கள் செய்யும் தவறுகளிற் பெரும்பகுதியும் அங்கேயே நிகழ்கின்றது. அந்த எல்லையை ஒரே சிலிக்கன் துண்டினுள் அடக்கி, அதனையும் செய்நிரலின் ஆட்சிக்கு உட்படுத்தும் முயற்சி பற்றியும், அதனால் நாம் பெறுவது எது, இழப்பது எது என்பது பற்றியும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

நுண்முறைவழியாக்கி 1971ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனத்தின் 4004 வாயிலாகச் சந்தைக்கு வந்தது. அது தனித்து இயங்கவல்லதன்று. நினைவகமும் உள்ளீட்டு வெளியீட்டுச் சுற்றுக்களும் அதனைச் சூழ அமைதல் வேண்டும். இவை யாவற்றையும் ஒரே துண்டில் இணைத்த நுண்கட்டுப்படுத்திகள் அடுத்துத் தோன்றின. ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் ரி.எம்.எஸ். 1000 (1974), இன்ரெலின் 8048 (1976), 8051 (1980) ஆகியவை இவ்வரிசையில் முக்கியமானவை. எனினும் இவை யாவும் இலக்கமுறைப் பொறிகளே. உணரியிலிருந்து வரும் மில்லிவோல்ற் அளவான சைகையைப் பெருப்பிக்க ஒரு செயற்பாட்டு விரியலாக்கி, வேண்டாத மீடிறன்களை நீக்க ஒரு வடிகட்டி, அழுத்தத்தை எண்ணாக்க ஒரு மாற்றி எனப் பல உறுப்புக்கள் அச்சிட்ட சுற்றுப் பலகையின் மீது பரந்து கிடந்தன. உணரியை மாற்றினால் தடையிகளையும் மாற்ற வேண்டும். அதாவது பற்றாசுக் கோலைக் கையிலெடுக்க வேண்டும். செய்நிரலை மாற்றுதல் சில நிமிட வேலை. பலகையை மாற்றுதல் பல வார வேலை.

இந்நிலையை மாற்ற முனைந்தவற்றுள் விரிவாகக் கற்கத்தக்கது பீசொக் என்னும் குடும்பம். 1982இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட சைப்பிரஸ் குறைகடத்தி நிறுவனம் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இதனை வெளியிட்டது. அதன் முதற் தலைமுறையைச் சேர்ந்த 27443 என்னும் இலக்கமுடைய உறுப்பை எடுத்துக்கொள்வோம். இருபத்தெட்டுக் கால்களைக் கொண்ட இச்சிறு உறுப்பினுள் எட்டுப் பிற்று முறைவழியாக்கி ஒன்றும், 16 கிலோபைற்று அழியா நினைவகமும், வெறும் 256 பைற்று தற்காலிக நினைவகமும் உள்ளன. இவ்வளவில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இவற்றின் அருகே எட்டு இலக்கமுறைக் கட்டங்களும் பன்னிரண்டு ஒப்புமைக் கட்டங்களும் வரிசையாக நிற்கின்றன. இக்கட்டங்களுக்குப் பிறவியிலேயே தொழில் வகுக்கப்படவில்லை. பதிவகங்களில் எழுதப்படும் எண்களே ஓர் இலக்கமுறைக் கட்டத்தை எண்ணியாகவோ, நேரங்காட்டியாகவோ, தொடர்த் தொடர்பாடல் உறுப்பாகவோ ஆக்குகின்றன. அவ்வாறே ஓர் ஒப்புமைக் கட்டம் விரியலாக்கியாகின்றது. அல்லது வடிகட்டியின் ஒரு பாதியாகின்றது. அல்லது ஒப்புமையை எண்ணாக்கும் மாற்றியின் இதயமாகின்றது.

எண்ணை எழுதி ஓர் எண்ணியை அமைப்பது எளிதில் விளங்கும். எண்ணை எழுதி ஒரு தடையியின் பெறுமானத்தை மாற்றுவது எவ்வாறு? இவ்விடத்திற் சற்று நின்று நோக்குதல் தகும். ஏனெனில் இக்குடும்பத்தின் ஒப்புமைப் பகுதி முழுவதற்கும் ஆதாரமான கருத்து இதுவே.

ஒரு சிறு கொள்ளளவியையும் இரண்டு ஆளிகளையும் கற்பனை செய்வோம். முதலாம் ஆளி மூடும்போது கொள்ளளவி உள்ளீட்டு அழுத்தத்திற்கு ஏற்றம் பெறுகின்றது. அது திறந்து இரண்டாம் ஆளி மூடும்போது அவ்வேற்றம் மறுபக்கத்திற்கு வடிகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் கடத்தப்படும் ஏற்றம் கொள்ளளவத்தினதும் அழுத்தத்தினதும் பெருக்கம். இச்சுற்று ஒரு செக்கனில் எத்தனை முறை நிகழ்கின்றதோ அத்தனை மடங்கு ஏற்றம் ஒரு செக்கனிற் பாய்கின்றது. அதுவே சராசரி மின்னோட்டம். அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது தடை. ஆகவே:

தடை = 1 ÷ (மீடிறன் × கொள்ளளவம்)

ஒரு பிக்கோபரட் கொள்ளளவியைச் செக்கனுக்கு 100,000 முறை ஆளியிட்டால் அது 10 மெகா ஓம் தடையியைப் போல நடந்துகொள்ளும். சிலிக்கனில் 10 மெகா ஓம் தடையியை வரைவதற்கு வேண்டிய பரப்போடு ஒப்பிட்டால் இது தூசு. இக்கருத்து புதியதன்று. ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட மின்னியல், காந்தவியல் பற்றிய பெருநூலிலேயே, மாறிமாறி ஏற்றி இறக்கப்படும் கொள்ளளவி தடையியொன்றுக்குச் சமமாகும் என்பது காட்டப்பட்டுள்ளது. ஆயினும் 1977ஆம் ஆண்டளவிலேயே பேர்க்லியிலும் கனடாவிலும் இருந்த ஆய்வாளர்கள் இதனை ஒருங்கிணை சுற்றுக்களின் வடிகட்டிகளுக்குப் பயன்படுத்திக் காட்டினர். தொலைபேசிச் சைகைகளை எண்ணாக்கவேண்டிய தேவை அவர்களை உந்தியது.

இதன் பெறுமதி பரப்பைச் சேமிப்பதில் மட்டும் இல்லை. சிலிக்கனில் ஆக்கப்படும் தடையியின் தனிப் பெறுமானம் தொகுதிக்குத் தொகுதி இருபது சதவீதம் வரையிற் பிறழக்கூடும். கொள்ளளவியும் அவ்வாறே பிறழும். தடையியையும் கொள்ளளவியையும் சேர்த்து ஒரு வடிகட்டியின் நேர மாறிலியை அமைத்தால் இரு பிறழ்வுகளும் ஒன்றுசேரும். ஆளியிட்ட கொள்ளளவியைத் தடையியாகக் கொண்டாலோ, நேர மாறிலி இரண்டு கொள்ளளவிகளின் விகிதத்தையும் கடிகாரத் துடிப்பின் மீடிறனையும் மட்டுமே சார்ந்து நிற்கும். அருகருகே ஒரே வேளையில் வரையப்பட்ட இரண்டு கொள்ளளவிகள் ஒன்றாகவே பிறழ்வதால், அவற்றின் விகிதம் ஆயிரத்தில் ஒன்றளவுக்குத் திருத்தமாக அமையக்கூடும். தனித்தனியே நம்பத்தகாத இரண்டின் உறவு நம்பத்தக்கதாயிருத்தல் என்னும் இக்கருத்தே நவீன ஒப்புமைச் சுற்றியலின் உயிர்நிலை. கொள்ளளவியைச் சிறு அலகுகளாகப் பிரித்து, எத்தனை அலகுகள் இணையவேண்டும் என்பதைப் பதிவகத்தில் எழுதினால், விகிதமும் செய்நிரலின் கைக்கு வந்துவிடுகின்றது.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. ஆளியிடப்படும் சுற்று சைகையை இடையறாது நோக்குவதில்லை. விட்டுவிட்டு மாதிரி எடுக்கின்றது. செக்கனுக்கு 100,000 மாதிரிகள் எடுக்கும் சுற்றுக்குள் 99,000 ஹேட்ஸ் மீடிறனுடைய இரைச்சலொன்று புகுமாயின், வெளியீட்டில் அது 1,000 ஹேட்ஸ் சைகையாக வேடம் பூண்டு நிற்கும். பின்னர் எந்தச் செய்நிரலாலும் அதனை உண்மைச் சைகையிலிருந்து பிரித்தறிய இயலாது. ஆதலால் உள்ளீட்டில் ஒரு சாதாரண தடையியையும் கொள்ளளவியையும் வெளியே இணைத்தல் வேண்டும். “வெளி உறுப்புக்கள் எவையும் வேண்டா” என்னும் விளம்பர வாசகத்தை நம்பி இதனை விட்டுவிட்ட மாணவர்கள் பலரைக் காணலாம். அவர்களின் அளவீட்டிலே தோன்றும் மெல்லிய அலைக்குக் காரணம் பெரும்பாலும் அருகே இயங்கும் மின்வழங்கியொன்றாக இருக்கும்.

உலையை அளத்தல்

கருத்தளவில் நில்லாது ஒரு வடிவமைப்பை இறுதிவரை தொடர்ந்து பார்ப்போம். மட்பாண்டம் சுடும் மின்னுலையொன்றின் வெப்பநிலையை 1000 பாகை செல்சியசு வரை அளக்க வேண்டும். இதற்கு ஏற்ற உணரி கே வகை வெப்பவிணை. அது பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 41 மைக்கிரோவோல்ற் தரும். ஒரு முனை பூச்சியப் பாகையிலும் மறுமுனை 1000 பாகையிலும் இருக்கும்போது தருவது 41.3 மில்லிவோல்ற்.

முதலாவது தீர்மானம் நயம் பற்றியது. மேற்கூறிய உறுப்பின் விரியலாக்கிக் கட்டத்திற் பெறத்தக்க உச்ச நயம் 48. அதனைத் தெரிந்தால் 1000 பாகையில் வெளியீடு 1.98 வோல்றாகும். ஆனால் உறுப்பினுள்ளே உள்ள நிலையான மேற்கோள் அழுத்தம் 1.3 வோல்ற், மாற்றி அளக்கக்கூடியது “ஒப்புமை நிலம்” எனப்படும் நடுமட்டத்திலிருந்து மேலே 1.3 வோல்றும் கீழே 1.3 வோல்றுமே. எனவே 48 மிகை. அடுத்துள்ள 24ஐத் தெரிந்தால் வெளியீடு 0.99 வோல்ற், எல்லைக்குள் அடங்குவதோடு சிறிது இடமும் மிஞ்சும். 2.6 வோல்ற் வீச்சைப் பதின்மூன்று பிற்றுகளாக, அதாவது 8192 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 0.32 மில்லிவோல்ற். 24 மடங்கு பெருப்பிக்கப்பட்ட ஒரு பாகையோ 0.98 மில்லிவோல்ற். எனவே ஒரு படி ஏறத்தாழ மூன்றிலொரு பாகையைக் குறிக்கின்றது. உலைக்கு இது தாராளம்.

படி சிறியதாயிருப்பதனால் அளவீடு உண்மையாகிவிடாது. இவ்வகைச் சிலிக்கனில் அமைந்த விரியலாக்கிகளின் உள்ளீட்டில் ஒன்றிரண்டு மில்லிவோல்ற் அளவான பெயர்ச்சி அழுத்தம் எப்போதும் ஒளிந்திருக்கும். உள்ளீட்டில் ஒன்றுமில்லாதபோதும் அது இருப்பதாகக் காட்டும். 2 மில்லிவோல்றை 41 மைக்கிரோவோல்றால் வகுத்துப் பாருங்கள்: 49 பாகை! மூன்றிலொரு பாகை நுணுக்கமும் 49 பாகை வழுவும் ஒரே கருவியில் உறைகின்றன. மேலும் இப்பெயர்ச்சி உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். சூழல் வெப்பத்தோடு அசையும். ஒருமுறை அளந்து கழித்துவிட்டு அமைதியாயிருக்க இயலாது.

பழைய முறையில் இதற்குத் தீர்வு விலையுயர்ந்த, பெயர்ச்சி மிகக் குறைந்த விரியலாக்கியொன்றை வாங்குவது. கலப்புச் சைகை உறுப்பில் வேறொரு வழி உண்டு. விரியலாக்கியின் உள்ளீட்டை எதனுடன் இணைப்பது என்பதும் பதிவகமொன்றின் உள்ளடக்கமே. ஆகவே செய்நிரல் முதலில் உள்ளீட்டை ஒப்புமை நிலத்தோடு இணைத்து அளக்கின்றது; கிடைப்பது பெயர்ச்சி மட்டுமே. அடுத்த கணம் வெப்பவிணையோடு இணைத்து அளக்கின்றது. கிடைப்பது சைகையும் பெயர்ச்சியும். பின்னையதிலிருந்து முன்னையதைக் கழித்தால் பெயர்ச்சி மறைகின்றது. இரு அளவீடுகளும் அடுத்தடுத்து நிகழ்வதால், மெதுவாக அசையும் இரைச்சலும் அதனோடு கழிந்துபோகின்றது. விரைவாக மாறும் இரைச்சல் மட்டும் சிறிது கூடுகின்றது. அதனைப் பல அளவீடுகளின் சராசரியால் தணிக்கலாம். மலிவான விரியலாக்கியின் குறையை ஒரு கழித்தற் கணக்கு ஈடுசெய்கின்றது. ஒப்புமையும் இலக்கமும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதன் முழுப் பயன் இங்கேதான் தெரிகின்றது என்பது என் கருத்து. உறுப்புக்களின் எண்ணிக்கை குறைவது இரண்டாம்பட்சமே.

இன்னும் இரண்டு கவனிப்புக்கள் உள. வெப்பவிணை அளப்பது இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டையே. பலகையருகே உள்ள குளிர்முனை 30 பாகையில் இருந்தால் அதனைத் தனியே அளந்து கணக்கிற் சேர்க்கவேண்டும். வெப்பத்தடையியொன்றை மற்றொரு காலில் இணைத்து, நயத்தை 24இலிருந்து ஒன்றாக்கி, அதே கட்டத்தாலேயே அதனையும் அளக்கலாம். மற்றது, மாற்றியின் தொகையீட்டு நேரம். அதனை ஏறக்குறைய 20 மில்லிசெக்கனாக அமைத்தால் 50 ஹேட்ஸ் மின்வழங்கலின் ஒரு முழு அலை அதனுள் அடங்கி, நேரும் மறையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கடிகாரத்தை எவ்வெண்ணால் வகுப்பது என்னும் அற்பமான தெரிவு, உலையின் கம்பிச்சுருளிலிருந்து வரும் பெரும் இரைச்சலை இவ்வாறு அடக்கிவிடுகின்றது. வெப்பவிணையின் ஒரு கம்பி ஒப்புமை நிலத்தோடு பிணைக்கப்படுவதால், அதன் நுனி புவியிணைந்த உலைச்சுவரைத் தொடாதவாறு காத்தல் அவசியம். தொட்டால் இக்கணக்குகள் யாவும் வீண்.

இவ்வளவுக்கும் செலவானவை எவ்வளவு? பன்னிரண்டு ஒப்புமைக் கட்டங்களில் இரண்டு. எட்டு இலக்கமுறைக் கட்டங்களில் மாற்றிக்கு மூன்று. கணினியோடு பேசுவதற்கு இரண்டும், அதற்கான துடிப்புக்கு ஒன்றும், உலையின் மின்வலுவை ஆள்வதற்கு ஒன்றுமாகக் கூட்டினால் ஏழு. ஒரு கட்டம் மிச்சம்.

விரலும் கொள்ளளவியே

மேலே கூறிய சமன்பாடு எதிர்பாராத வேறொரு துறையையும் திறந்துவிட்டது. ஆளியிடப்படும் கொள்ளளவி சிலிக்கனுக்குள்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பலகையின் மேற்பரப்பில் வரையப்பட்ட செப்புத் திட்டொன்றையே அக்கொள்ளளவியாகக் கொள்ளலாம். மனிதவிரல் அதனை நெருங்கும்போது கொள்ளளவம் ஒரு பிக்கோபரட்டின் சிறு பங்களவு கூடும். சமமான தடை அவ்வளவுக்குக் குறையும். மாற்றி அதனை எண்ணாகக் காட்டும். பொத்தான் இன்றித் தொடுகையால் இயங்கும் சாதனங்களிற் பல இவ்வழியில் அமைந்தன. அப்பிள் நிறுவனத்தின் ஐபொட் இசைக்கருவியில் விரலால் வருடப்பட்ட சக்கரத்தின் பின்னாலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த உறுப்பொன்று இருந்தது.

செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டங்களை மாற்றியமைக்க இயலும் என்பதும் குறிப்பிடத்தக்கது. காசுக்குப் பானம் வழங்கும் பொறி பகலில் காசுகளை எண்ணி, குளிர்நிலையை அளந்து, பின்னர் நள்ளிரவில் அதே கட்டங்களைத் தொலைபேசி மொடமாக்கி நிலையத்துக்குக் கணக்கு ஒப்புவிக்கலாம். கேட்பதற்கு அழகிய கருத்து. நடைமுறையில் இதனைக் கையாண்டவர்கள் குறைவு. எந்தக் கணத்தில் எந்தக் கட்டம் என்னவாக இருக்கின்றது என்பதை நினைவில் வைத்து வழுத் தேடுவது எளிதன்று.

2009இல் அறிவிக்கப்பட்ட பிற்தலைமுறைகள் 8051, ஆம் கோர்ட்டெக்ஸ் ஆகிய முறைவழியாக்கிகளைத் தழுவின. ஒப்புமைப் பகுதியின் நுணுக்கம் 20 பிற்று வரை உயர்ந்தது. ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்சின் எம்.எஸ்.பி. 430 குடும்பத்திலும் அமைப்பை மாற்றத்தக்க விரியலாக்கிகள் இடம்பெற்றன. 2021இல் வெளிவந்த ராஸ்பெரி பையின் ஆர்.பி. 2040, இலக்கமுறைப் பக்கத்தில் மட்டும் இதே எண்ணத்தை வேறு வடிவிற் செய்துகாட்டியது.

யாருடைய சுற்று?

தொழினுட்பத்தைப் போற்றுவதோடு நின்றுவிடுதல் நமக்குத் தகாது. 741 விரியலாக்கி, 555 நேரங்காட்டி, எல்.எம். 324 ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் ஆக்கி விற்றுள்ளன. ஒன்றிடம் இல்லையாயின் மற்றொன்றிடம் வாங்கலாம். 8051ஐக்கூட இன்ரெலின் அனுமதியோடு சீமென்ஸ், பிலிப்ஸ், ஏ.எம்.டி. ஆகியன ஆக்கின. “இரண்டாம் வழங்குநர்” இல்லாத உறுப்பைப் பெரிய வாடிக்கையாளர் தொடவும் தயங்கிய காலம் அது. ஐ.பி.எம். தனது முதற் தனியாள் கணினிக்கு இன்ரெலின் 8088ஐத் தெரிந்தபோதும் இரண்டாம் வழங்குநரை வற்புறுத்தியது. பீசொக் போன்ற உறுப்புக்கோ மூலம் ஒன்றே. வடிவமைக்கும் மென்பொருளும் அந்நிறுவனத்தினதே. முதலிரு தலைமுறைகளுக்கான கருவிகள் விண்டோஸ் இயங்குதளத்தில் மட்டுமே ஓடின. விலையின்றிக் கிடைத்தபோதும் அவற்றின் மூலநிரல் மூடியே இருந்தது. வடிவமைப்பாளர் “விரியலாக்கி, நயம் 24” என்று ஒரு படத்தை இழுத்து வைக்கின்றார்; அது எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணாயிற்று என்பதை மென்பொருளே அறியும்.

சைப்பிரஸ் 2015இல் ஸ்பான்சனுடன் இணைந்தது. 2020 ஏப்பிரலில் ஜேர்மனியின் இன்பினியன் நிறுவனம் அதனை வாங்கிற்று. உறுப்புக்கள் மறைந்துவிடவில்லை எனினும், எதை எவ்வளவு காலம் ஆக்குவது என்னும் முடிவு இன்னொரு நகரின் இன்னொரு மேசைக்கு மாறியது. 2021ஆம் ஆண்டளவில் உலகெங்கும் குறைகடத்தித் தட்டுப்பாடு நிலவியபோது, ஒற்றை மூலத்தை நம்பிச் சாதனம் ஆக்கியோர் மாற்று வழியின்றிக் காத்திருந்தனர். பெரிய உற்பத்தியாளன் முன்கூட்டியே வாங்கிக் குவிக்கலாம். ஆண்டுக்கு ஐம்பது கருவிகள் செய்யும் சிறு பட்டறைக்கு அது முடியாது. வசதி யாருக்கு, ஆபத்து யாருக்கு என்று கேட்டால், இரண்டும் ஒரே கையிற் சேரவில்லை என்பது தெளிவு.

இதனால் இவ்வுறுப்புக்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு மாணவர் ஒரே பிற்பகலில் நான்கு வடிகட்டிகளை அமைத்து, அளந்து, கலைத்து மீண்டும் அமைக்க முடிவது சிறு காரியமன்று. ஆனால் அம்மாணவர் கையளிக்கும் அறிக்கையில் திரையின் படம் மட்டும் இருந்தால் அதனை ஏற்கலாகாது. உலைக் கருவியைப் பொறுத்தவரை அதில் இருக்கவேண்டியவை: நயம் 24, மேற்கோள் 1.3 வோல்ற், வீச்சு 2.6 வோல்ற், பிற்று 13, தொகையீட்டு நேரம் 20 மில்லிசெக்கன், பெயர்ச்சியை நீக்கும் இரட்டை அளவீடு, குளிர்முனையின் திருத்தம். ஒவ்வொன்றுக்கும் அருகே அதனைத் தெரிந்தமைக்கான காரணம். வடிகட்டி உண்டாயின் கொள்ளளவி விகிதமும் கடிகார மீடிறனும்.

இவ்வறிக்கை கையில் இருப்பவர், உறுப்பு கிடைக்காத நாளிலும் கருவியை மீளக் கட்டலாம். எல்.எம். 324 ஒன்றை எடுத்து, 1 கிலோ ஓம் தடையியையும் 23 கிலோ ஓம் தடையியையும் இணைத்தால் நயம் 24. மாற்றியைத் தனியே வாங்கவேண்டும். அந்த விரியலாக்கியின் பெயர்ச்சியும் ஏறக்குறைய அதே 2 மில்லிவோல்ற். ஆகவே பூச்சிய அளவீட்டுக்காக 4066 ஆளி உறுப்பொன்றையும் உள்ளீட்டிற் சேர்க்கவேண்டிவரும்.